போட்டோமா, கிடத்தினோமா

ஆர்னே வருகிறான் என்று தெரிந்து நான்கு நாளாகிவிட்டது. அந்த நான்கு நாளும் ஹால்வர் வாயிலிருந்து மூத்த மகன் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. காபி குடித்தார், ரேடியோவில் வானிலை கேட்டார், வாசலில் பனி தள்ளினார். இருபத்தாறு வருஷம் கழித்துப் பிள்ளை வீட்டுப்படி ஏறப் போகிறான். பெற்றவருக்கு அதில் இவ்வளவுதான் படபடப்பு.

ஆர்னே போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தான். சனிக்கிழமை சர்ச்சின் நூறாவது வருஷ விருந்தில் அப்பா அந்தப் பத்தாயக் கதையைச் சொல்லக் கூடாது. சொன்னால் எழுந்து போய்விடுவான். இந்தத் தடவை போனால் போனதுதான்.

அந்தப் போனை எடுத்தவள் சோல்வெய். இளைய மகன் பேடரின் மனைவி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். நிபந்தனையை மாமனார் காதில் போட்ட பாவமும் அவளுடையதுதான்.

"எங்கப்பா கதைய நான் சொல்றேன். அவனுக்கு எங்க வலிக்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஹால்வர் ரொட்டியில் வெண்ணெய் தடவப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலையில் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு சமையலறைக்கு வந்து நின்றார். ஜனவரியிலேயே சோல்வெய் அவரை வகுப்புக்கு அழைத்திருந்தாள், பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி. அப்போது ஆர்னே இன்னும் போன் செய்திருக்கவில்லை.

"மாமா, இன்னிக்கு வேற ஏதாவது சொல்லலாமே. மண்வீடு கட்டினது, வெட்டுக்கிளி வந்தது..."

"வெட்டுக்கிளி கதைக்கு எந்தப் புள்ள சிரிக்கும்?"

"சனிக்கிழமை மட்டும் வேணாம்னுதானே அண்ணன் சொன்னாரு," என்றான் பேடர், பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே. "இன்னிக்கு வியாழன். விடு சோல்வெய். அரை மணி நேரம் பத்தாயத்துல உக்காந்ததுக்கு ஒரு மனுஷன் இத்தனை வருஷம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கணுமா? எனக்கு அதுவே புரியல."

அவள் விட்டுவிட்டாள். பிற்பாடு அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் தன்னையே வைதுகொண்டாள்.

அந்தக் கதையை அந்தச் சுற்றுவட்டாரத்தில் அறியாதவர் கிடையாது. ஹால்வரின் தந்தை சீவர்ட் சிறுவயதில் சரியான வால். ஒரு நாள் அவனுடைய சேட்டை தாங்காமல் தாய் குன்ஹில்ட் அவனைத் தூக்கி ஓட்ஸ் கொட்டி வைக்கும் பத்தாயத்தில் போட்டாளாம், தகப்பன் மூடிக்கு ஆணி அடித்தானாம். இட்டுக்கட்டியதில்லை, குன்ஹில்ட் தன் கையால் நாட்குறிப்பில் எழுதி வைத்தது. அந்த வீட்டில் எந்தக் குழந்தை அடம்பிடித்தாலும், "பத்தாயம் காலியாத்தான் இருக்கு" என்பார்கள். குழந்தை கப்சிப்.

ஆர்னேயிடம் மட்டும் அது பேச்சோடு நிற்கவில்லை. எட்டு வயதில் ஒரு நாள் அவன் தொழுவத்துக் கதவைத் திறந்து போட்டுவிட்டான். கன்றுகள் ரோட்டுக்கு ஓடிவிட்டன. ஹால்வர் அவனை நிஜமாகவே பத்தாயத்தில் இறக்கி மூடியைச் சாத்திவிட்டார். "உங்க தாத்தா இதுலேருந்துதான்டா ஆம்பளையா வெளிய வந்தாரு" என்றாராம்.

*

சோல்வெய் பாடப்புத்தகத்தை நம்புகிறவள் இல்லை. நார்வேயிலிருந்து கப்பலேறி வந்து இந்தப் புல்வெளிக்கு முதன்முதலாக ஏர் கொண்டுவந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அவர்கள் விட்டுப்போன காகிதமே சொல்லட்டும் என்பாள். செப்டம்பரிலிருந்து அவளுடைய வகுப்பில் அதுதான் நடக்கிறது. நிலத்துக்கு மனுப்போட்ட தாள், கடைச் சாமான் பட்டியல், ஊருக்கு எழுதிய கடிதம் என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் கையில் கொடுத்து வந்தாள். கரும்பலகையில் மூன்று கேள்விகள் வருஷம் முழுக்க அழியாமல் இருக்கும். யார் எழுதியது? எப்போது எழுதியது? எதை எழுதாமல் விட்டது?

இன்றைக்கு நாலு நாலு பேருக்கு ஒரு பழுப்பு உறை. உள்ளே மூன்று தாள். குன்ஹில்டின் 1886-ஆம் வருஷ நாட்குறிப்பில் ஒரு பக்கம், நார்வீஜிய மொழியில் அவளுடைய கையெழுத்தின் நகலும் கீழே ஹால்வரின் அத்தை டாக்னி பண்ணிய மொழிபெயர்ப்பும். அதே வருஷத்துப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கம். போன அக்டோபரில் பிள்ளைகளே கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சீவர்ட்டின் கல் மேல் காகிதம் விரித்துக் கரி தேய்த்து எடுத்த படி. மூன்றிலும் சீவர்ட் பெயர் இருந்தது. அது போதும் என்று அவள் உறையை ஒட்டியிருந்தாள்.

ஹால்வர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கதை சொல்ல உட்கார்ந்தால் எழுபத்தொரு வயது அவரைவிட்டு எங்கேயோ போய்விடும். சேட்டைக்காரச் சீவர்ட் கோழியை மண்வீட்டுப் புகைக்குழாயில் இறக்கினான், போதகர் தொப்பியில் தயிரை ஊற்றினான். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"கடைசியில எங்க பாட்டி என்ன எழுதினாங்க? எல்லாரும் சேர்ந்து படிங்க பாக்கலாம்."

இருபத்திரண்டு குரல்கள் ஒன்றாகப் படித்தன. "ஜனவரி பதினேழு. வடமேற்குக் காற்று. நிலம் இரும்பு. சீவர்ட்டை ஓட்ஸ் பத்தாயத்தில் போட்டோம். எலிகளுக்காக மூடியில் ஆணி."

"எலிகளுக்காக ஏன்? எலிகிட்டேருந்து இவரைக் காப்பாத்தவா? இல்லவே இல்ல. இவருகிட்டேருந்து எலியைக் காப்பாத்த."

வகுப்பே அதிர்ந்தது. முப்பது, நாற்பது வருஷமாக அந்த இடத்தில் அப்படித்தான் அதிரும். ஹால்வர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்குகிறபோது மூன்றாவது மேசையில் கெல்சி கையைத் தூக்கினாள். அவளுடைய அப்பா ஊருக்குப் பனி வாருகிறவர், கல்லறைக் குழி வெட்டுகிறவரும் அவர்தான்.

"டீச்சர், கணக்கு இடிக்குது."

"எந்தக் கணக்கும்மா?"

"பத்தாயத்துல போட்டது 1886. கல்லறைக் கல்லுல பொறந்த வருஷம் 1889-ன்னு இருக்கு. அப்ப இவரு பொறக்கவே இல்லையே."

"பொறக்கறதுக்கு முன்னாடியே சேட்டை," என்றான் ட்ராவிஸ். மறுபடி சிரிப்பு.

ஹால்வரும் சிரித்தார். "கல்லு வெட்டினவன் தப்பா வெட்டியிருப்பான் பாப்பா."

"அப்ப இது?" கெல்சி பதிவேட்டுத் தாளைத் தூக்கிக் காட்டினாள். "இதுல சீவர்ட்டுக்கு வயசு எட்டுன்னு போட்டிருக்கு. ஜனவரி எட்டாம் தேதி வரைக்கும் வந்திருக்கான். அப்புறம் கோடு. பிப்ரவரி, மார்ச், எல்லாம் கோடுதான். அவன் திரும்பி வரவே இல்ல."

சோல்வெய் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கோடு, கோடு, கோடு. நூறு தடவை நகலெடுத்த தாள் அது. ஒரு தடவைகூட அந்த வரிசையைக் கடைசிவரை அவள் பார்க்கவில்லை.

"கெல்சி, அது போதும்மா, நாம அப்புறமா..."

"சொல்லட்டும்," என்றார் ஹால்வர். அவர் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. "நீ சொல்லும்மா."

கெல்சிக்குத் தயக்கமே இல்லை. அவள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசுகிற விஷயம் அது. "நிலம் இரும்புன்னா உறைஞ்சு போச்சுன்னு அர்த்தம், தோண்ட முடியாது. எங்க தாத்தாவையும் இப்ப அப்படித்தான் வெச்சிருக்காங்க, கல்லறைத் தோட்டத்து அறையில. ஏப்ரல்ல பனி உருகினப்புறம் எங்கப்பா குழி வெட்டுவாரு. அந்தக் காலத்துல அறை இருக்காதுல்ல? அதான் பத்தாயத்துல வெச்சிருப்பாங்க. எலி கடிக்கக் கூடாதுன்னுதான் ஆணி."

யாரும் சிரிக்கவில்லை. ட்ராவிஸ்கூட.

கெல்சியின் தாத்தா பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஹால்வரும் ஒருவர். எத்தனை குளிர்காலம், எத்தனை பெட்டிகளை அந்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு ஏப்ரலுக்குக் காத்திருந்திருக்கிறார். இந்த ஊரில் அது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதேபோல, செத்துப்போன பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு வைக்கிற வழக்கமும் எல்லா நார்வீஜியக் குடும்பத்திலும் உண்டு. சோல்வெயின் தாய்வழியிலேயே இங்கெபோர்க் என்ற பெயரில் மூன்று பேர். எல்லாம் தெரிந்தவர்கள்தான், தங்கள் வீட்டுக் காகிதத்தில் மட்டும் குருடாகிப் போனார்கள்.

ஹால்வர் கையை நீட்டினார். "கையெழுத்துத் தாளைக் குடு."

அவர் வீட்டில் பேசி வளர்ந்த மொழி அது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாட்டியின் எழுத்தை விரலால் தடவிப் படித்தார். அந்த வரியின் முதல் சொல்லில் விரல் நின்றது. 'லா', நார்வீஜியத்தில் இரண்டே எழுத்து. மூட்டையைப் போட்டோம் என்பதற்கும் அதுதான் சொல். ஆளைக் கிடத்தினோம் என்பதற்கும் அதே சொல்தான். டாக்னி அத்தை 'போட்டோம்' என்று தட்டச்சு செய்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்த ஒருத்தரும் மேலே இருந்த கையெழுத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கிடத்தினோம்," என்றார் ஹால்வர், தனக்குத்தானே. பிறகு எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். "நல்லாப் படிக்கறீங்க பசங்களா. நல்லாப் படிங்க."

அவருடைய டிரக் கிளம்பிப் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மூன்று மணிவரை சோல்வெய் வகுப்பைவிட்டு அசைய முடியாது.

"நான் தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?" என்று கெல்சி பக்கத்தில் வந்து கேட்டாள்.

"இல்லடா கண்ணு. நீ சரியாத்தான் படிச்சே. நான்தான் படிக்கல."

*

அவள் வீட்டுக்கு வந்தபோது ஹால்வர் சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பேடர் அடுப்போரம் நின்றிருந்தான். அப்பா அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

"நீ உக்காரு," என்றார் மருமகளிடம். "ஒரு கணக்கு போட்டுட்டிருக்கேன். கிறிஸ்துமஸ், ஞானஸ்நானம், கல்யாணம், அறுவடை விருந்து. எங்கப்பா உயிரோட இருந்தப்பவே அவரு எதுக்க உக்காந்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அந்தக் கதைய? ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு மாட்டைப் பாக்கப் போயிடுவாரு. பால் கறந்து முடிச்ச மாட்டை. வெக்கப்படறாருன்னு நெனச்சு அதுக்கும் சேர்த்துச் சிரிப்போம்."

"அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா," என்றான் பேடர்.

"அவரா?" என்றார் ஹால்வர். சீவர்ட் கிழவரிடமிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம் என்பார்கள்.

சோல்வெய் அவர் எதிரே உட்கார்ந்தாள். "மாமா, தப்பு என்னோடது. நான் முன்னாடியே பாத்திருந்தா..."

"நீ இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம். நான் இந்த வீட்டுலயே பொறந்தவன். இதுல உனக்கென்ன பங்கு?" அவர் தாள்களை அடுக்கினார், மறுபடி கலைத்தார். "எங்கப்பாவோட அண்ணன் பொணமாக் கெடந்த எடத்துல என் பிள்ளையப் போட்டுச் சாத்தியிருக்கேன், சோல்வெய். அதையும் ஒரு கௌரவமா நெனச்சுப் போட்டிருக்கேன்."

அவர் அழுவார் என்று அவள் நினைத்தாள். அவர் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசலில் கார் சத்தம். பேடர் கதவைத் திறக்கப் போனான்.

ஆர்னே உள்ளே வந்தான். புகைப்படத்தில் பார்த்த பதினெட்டு வயசுப் பையனைத் தேடிய சோல்வெய்க்கு, முன்வழுக்கையும் தொப்பையுமாக ஒரு நாற்பத்துநாலு வயதுக்காரன்தான் கிடைத்தான். கோட்டுப் பொத்தானைக் கழற்றாமலே நின்றான். வந்த வேகத்தில் திரும்பிப் போக வசதியாக நிற்பதுபோல் இருந்தது.

"வா," என்றார் ஹால்வர். "பாதையில பனி எப்படி?"

"பரவாயில்ல."

இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு தகப்பனும் மகனும் முதலில் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஹால்வர் தாள்களை மேசைமேல் அவன் பக்கம் தள்ளினார். "படி."

ஆர்னே குனிந்து பார்த்தான். முதல் தாளைப் பார்த்ததுமே நிமிர்ந்துவிட்டான். "இதை யாரு உங்களுக்குச் சொன்னது?"

"ஒம்போது வயசுப் பொண்ணு ஒருத்தி. அதுல இருக்கறது யாரு தெரியுமா? தாத்தா இல்ல. தாத்தாவுக்கு முன்னாடி பொறந்த..."

"தெரியும்," என்றான் ஆர்னே.

அடுப்பில் கெட்டில் கொதிக்க ஆரம்பித்தது. பேடர் அதை அணைக்கவில்லை, சோல்வெய்தான் எழுந்து போய் அணைத்தாள்.

"என்னை நீங்க பத்தாயத்துல வெச்சுச் சாத்தினீங்கல்ல," என்றான் ஆர்னே. குரல் உயரவில்லை. "வெளிய எடுத்தது தாத்தா. உன் பேர் சொல்லு, பேர் சொல்லுன்னாரு. ஆர்னேன்னேன். மறுபடி சொல்லுன்னாரு. பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். மறுநாள் என்னைக் கூட்டிட்டு நடந்தாரு, வடக்கு வயல் கடைசி வரைக்கும். அங்க வெச்சு எல்லாம் சொன்னாரு. அண்ணன் பேர்தான் தன் பேருன்னு. தொண்டைநோய்ல போயிட்டான், மே மாசம் வரைக்கும் பத்தாயத்துல இருந்தான், அப்புறம் அங்கதான் புதைச்சாங்கன்னு."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாரு. உங்கப்பன் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச கதை இது, தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான், அவன் காதுக்குப் போகக் கூடாதுன்னாரு. எட்டு வயசு எனக்கு. சரின்னேன்." ஆர்னே முதல்தடவையாகத் தகப்பன் முகத்தை நேராகப் பார்த்தான். "போன்ல போட்டேனே நிபந்தனை, அது என் ரோஷத்துக்காகன்னு நெனச்சீங்களா? பேப்பர்ல சர்ச் விழா, பழைய நாட்குறிப்புக் கண்காட்சின்னு படிச்சேன். யாரு கண்ணுலயாவது பட்டுடும்னு பயந்துட்டேன். நீங்க மேடையில நின்னு அதச் சொல்லும்போது படக் கூடாதேன்னுதான்."

பத்தாயத்துக்காகக் கோபித்துக்கொண்டு ஓடினவன் என்று இந்த வீடே ஏசிய பிள்ளை, அப்பா சிரிப்பு கெடக் கூடாது என்று முப்பத்தாறு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்.

"வடக்கு வயல்னியே," என்று மெல்லக் கேட்டார் ஹால்வர். "அங்க எங்க?"

"ஏரு போகாத ஒரு துண்டு இருந்துச்சே. காட்டுச் செர்ரிப் புதர். தாத்தா இருந்தவரைக்கும் அதைச் சுத்தித்தான் உழுவாரு."

பேடருக்குப் புரிந்துவிட்டது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சோல்வெய்க்கு அப்படி ஒரு புதர் அந்த வயலில் இருந்ததே தெரியாது. அவள் வந்த நாள் முதல் அங்கே ஒரே சீராகக் கோதுமைதான்.

"எழுவத்திரண்டுல," என்றார் ஹால்வர். "பெரிய டிராக்டர் வாங்கினப்ப. வண்டியத் திருப்பறதுக்கு இடைஞ்சலா இருக்குன்னு புல்டோசர் வெச்சு... நான்தான்..."

"தெரியும். நான்தான் வரப்புல நின்னு பாத்துட்டிருந்தேனே. வாயத் தொறந்தா சத்தியம் போயிடும். தொறக்கலேன்னா..." ஆர்னே நிறுத்தினான். "அந்த வாரந்தான் கெளம்பினேன்."

ஹால்வர் மேசையில் கை ஊன்றி எழுந்தார். வெளியே இன்னும் அரை மணி நேர வெளிச்சம் இருந்தது. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வா. எடத்தக் காட்டு."

ஆர்னே அசையவில்லை.

"எப்படிப்பா காட்டுவேன்?" என்றான். "அடையாளம்னு இருந்தது அந்தப் புதர் ஒண்ணுதான்."